மேல் பலகை

சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார் தைஸ்தோ.
கெமி நகரத்து ஜனவரி. காலை ஒன்பதாகியும்
கண்ணாடியில் தெரிவது
எங்கள் இருவர் முகம்தான்.

மூச்சு வாங்குகிறதா?
இல்லை.
நெஞ்சில் வலி?
இல்லை.
தலைசுற்றல்?
கொஞ்சம் யோசித்து,
இல்லை.

படிவத்தில் மூன்று கட்டங்களை
வெறுமையாக விட்டுவிட்டு
ஊசியை எடுக்கிறேன்.
அகத்தில் உள்ளதை முகத்தில் காட்ட
இந்த ஊர் முகங்கள் பழகவில்லை.
என் முகமும்தான்.

முப்பத்தொரு குளிர்காலம்
பனி உடைக்கும் கப்பலின் இயந்திர அறையில் நின்றவர்.
எந்த வால்வு எப்போது சிக்கும் என்று
காதாலேயே சொல்வாராம்.
தன் நெஞ்சுக்குள் ஒன்று
சுண்ணாம்பு ஏறிக் கெட்டித்து
பாதிக்கு மேல் திறக்க மறுப்பது மட்டும்
அவருக்குக் கேட்கவில்லை.
அல்லது கேட்டது.

ஊதா மூடிக் குழாய் நிறைகிறது.
திறக்காத வாசலை
முட்டி முட்டித் தள்ளும்போது
இதயத்தின் சுவர் இழுபடும்.
இழுபட்ட தசை ஒரு புரதத்தை
இரண்டாய் உடைத்து ரத்தத்தில் விடும்.
ஒரு துண்டுக்கு வேலை உண்டு.
வேலையில்லாத மற்றதைத்தான்
கீழ்த்தளத்து இயந்திரம் எண்ணுகிறது.

போன ஜனவரியில் இருநூற்றுப் பத்து.
ஆகஸ்டில் அறுநூறு.
இன்று மதியம் திரையில்
ஆயிரத்து நானூற்று முப்பது.

"இதை மட்டும் நம்பக் கூடாது" என்றார் டாக்டர் கொர்பெலா,
"வயதும் ஏற்றும், சிறுநீரகமும் ஏற்றும்."
சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு
அவர் எதிரே உட்கார்ந்து
படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார்:
"போன வருடம் செய்தீர்கள்,
இப்போது செய்வதில்லை. அது என்ன?"

தைஸ்தோ வாய் திறக்கவில்லை.
கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்த ரைலி
பேசத் தொடங்கினாள்.

"சவுனாவில் மேல் பலகைதான் அவர் இடம்.
கல்யாணமான நாளிலிருந்து.
கோடையில் நடுப்பலகைக்கு இறங்கினார்.
இப்போது கீழே, கதவோரம்.
கேட்டால், ஆவி காரமாகிவிட்டதாம்.
விறகைக் குட்டையாக வெட்டி வாங்குகிறார்.
தபால்பெட்டிக்குப் போகும் வழியில்
மூன்று இடத்தில் நின்று
வானத்தைப் பார்க்கிறார்.
வானிலை பார்க்கிறார் என்றல்லவா
நினைத்துக்கொண்டிருந்தேன்."

அறையில் ஹீட்டர் மட்டும் பேசியது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டது ஒன்றுதான்:
"வால்வுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
அழுத்தம் எவ்வளவு?"
டாக்டர் தாளில் வரைந்து,
எக்கோ சொன்ன அளவைப் பக்கத்தில் எழுதினார்.
இன்றைய ரத்தத்தின் எண்ணைக் கீழே எழுதினார்.
தாளைக் கண்ணருகே கொண்டுபோய்
வெகுநேரம் பார்த்தார் தைஸ்தோ.
பிறகு, யாரோ ஒருவர் கப்பலைப் பற்றிச் சொல்வதுபோல்:
"இப்படி இருந்திருந்தால்
நான் இன்ஜினை நிறுத்தியிருப்பேன்."

மார்ச்சில் ஔலு நகரத்தில்
தொடை வழியாக ஏற்றிப் புது வால்வு வைத்தார்கள்.
அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது
கோப்பில் உள்ள நான்கு வரி.

மே மாதம் வந்தார்.
சட்டைக் கையைச் சுருட்டினார்.
கண்ணாடியில் எங்கள் முகம் இல்லை;
வண்டிகள், அழுக்குப் பனியின் கடைசி மேடு,
அதன் மேல் ஒரு காகம்.

மூச்சு வாங்குகிறதா?
என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டேன்.
எந்தப் பலகை? என்றேன்.

ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார்.
"நடு."

அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.
ஓரத்தில் எழுதினேன்.
குழாயில் ஒட்டிய பெயரைச் சரிபார்த்து
கீழ்த்தளத்துக்கு அனுப்பினேன்.
எண் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.
அவர் லிஃப்ட்டைக் கடந்து
படிக்கட்டுப் பக்கம் போவது தெரிந்தது.
எத்தனை படியில் நின்றார் என்று
எண்ணக் கூடாது என நினைத்தபடியே
எண்ணிக்கொண்டிருந்தேன்.